சாவி கொடுக்காத பொம்மைக்கே மவுசு

பத்து சென்ட் கடைகளில் குவிந்து கிடந்த அமெரிக்கத் தகர பொம்மைகள் இன்று கண்ணாடி அலமாரிக்குள். தேடி அலைபவர்களுக்கு அவற்றோடு சேர்ந்து ஒரு தேசத்தின் குதூகலமும் கிடைக்கிறது, வெட்கமும் கிடைக்கிறது.

மே மாதத்தில் ஒரு நாள். பொழுது இன்னும் விடியவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரிம்ஃபீல்டு என்ற சிற்றூரின் வயல்வெளிகளில் டார்ச் விளக்குகள் மினுங்குகின்றன. 1959ல் தொடங்கி, இப்போது ஆண்டுக்கு மூன்று முறை கூடும் பழம்பொருள் சந்தை இது. வியாபாரிகள் வேனிலிருந்து பெட்டிகளை இறக்கும்போதே சுற்றிலும் ஆட்கள் கூடிவிடுகிறார்கள். மரச் சாமான், பீங்கான், பழைய கோட்டு என்று ஆளுக்கொரு வேட்டை. தகர பொம்மை தேடி வருபவரை அடையாளம் காண்பது சுலபம். கையில் கிடைத்த காரை அவர் உடனே கவிழ்த்துப் பார்ப்பார்.

குழந்தையாக இருந்தால் முதலில் சாவியைத் திருகும். இவர் சாவியைத் தொடுவதில்லை. தகடுகளைக் கோத்திருக்கும் சின்னச் சின்ன நாக்குகளைத்தான் பார்க்கிறார். தொழிற்சாலையில் ஒரே ஒரு முறை மடித்த நாக்கா? அல்லது பிற்பாடு யாரோ நிமிர்த்திவிட்டு மறுபடி மடித்ததா? அந்தச் சந்தேகம் தீர்ந்த பிறகுதான் விலை கேட்பார்.

பத்திரப்படுத்தி வைப்பதற்காகப் பிறந்த பொம்மைகள் அல்ல இவை. பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட், மிஞ்சினால் ஒரு டாலர். வாங்கி, விளையாடி, உடைத்து, தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் இன்றைய சந்தையின் கணக்கு தலைகீழ். எந்தப் பொம்மையோடு எந்தக் குழந்தையும் விளையாடவில்லையோ அதற்கே விலை அதிகம். உடைத்துவிடப் போகிறான் என்று பெரியவர்கள் பரண்மேல் எடுத்து வைத்த கிறிஸ்துமஸ் பரிசு, விற்காமல் கடைக் கிடங்கிலேயே தங்கிவிட்ட பெட்டி... அன்றைய குழந்தையின் ஏமாற்றம் இன்றைய சேகரிப்பாளரின் அதிர்ஷ்டம்.

கடிகார ஊரில் பிறந்தவை

அமெரிக்காவில் சாவி பொம்மையின் கதை கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன இடம் அது. ஃபாரஸ்ட்வில் என்ற ஊரில் ஜார்ஜ் பிரவுன் என்ற கடிகாரக்காரர் 1856ல் பொம்மைக் கம்பெனி ஆரம்பித்தார். கடிகாரத்துக்குள் இருக்கும் சுருள் கம்பியையும் பித்தளைச் சக்கரங்களையும் எடுத்துத் தகர ரயிலுக்குள்ளும் வண்டிக்குள்ளும் வைத்தார். அமெரிக்க பொம்மை தானாக ஓட ஆரம்பித்தது இப்படித்தான். 1868ல் எட்வர்டு ஐவ்ஸ் தொடங்கிய கம்பெனி பின்னர் பிரிட்ஜ்போர்ட்டுக்கு இடம் மாறி, நடக்கும் பொம்மை, படகோட்டும் பொம்மை என்று ஒரு பரம்பரையையே உருவாக்கியது.

அந்தக் காலத்துப் பொம்மைகள் கையால் வர்ணம் தீட்டி, ஈயப் பற்று வைத்து இணைத்தவை. வசதியானவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமே எட்டியவை. எஞ்சியிருப்பவை சொற்பம். பிரவுன் கம்பெனி செய்த 'சார்லஸ்' என்ற தீயணைப்பு வண்டி பொம்மை ஒன்று 1991 டிசம்பரில் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. சாவி கொடுத்து ஓடும் ரகம்கூட இல்லை, இரண்டு தீயணைப்பு வீரர்கள் இழுத்துப் போகும் குழாய் வண்டிதான். போன விலை 2,31,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 60 லட்சம் ரூபாய். காயலான் கடைக்குப் போக வேண்டிய தகரம் கோடீஸ்வரர்களின் சரக்காக மாறியதற்கு அந்த ஏலமே சாட்சி.

சாமானியன் வீட்டுக்குப் பொம்மையைக் கொண்டு வந்தது வேறொரு தொழில்நுட்பம். 1875ல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே என்பவர் தகரத்தின் மேல் நேரடியாகப் படம் அச்சடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆஃப்செட் அச்சுமுறை காகிதத்துக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே தகரத்துக்கு வந்துவிட்டது. பிஸ்கட் டப்பாவுக்கு வந்த வித்தை பொம்மைக்கும் பொருந்தியது. தட்டையான தகட்டில் முதலில் முகம், சட்டை, பொத்தான், கார் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் வண்ண வண்ணமாக அச்சடிப்பார்கள். பிறகு அச்சில் வைத்து அழுத்தி வெட்டுவார்கள். ஒரு தகட்டின் நாக்கை இன்னொரு தகட்டின் துளையில் நுழைத்து மடித்தால் பொம்மை தயார். ஈயப் பற்று தேவையில்லை. தூரிகை பிடிக்கும் கையும் தேவையில்லை.

இருந்தாலும் முதல் உலகப் போர் வரை அமெரிக்கக் கடைகளில் ஜெர்மன் பொம்மைகளின் ராஜ்யம்தான். 1914ல் போர் வெடித்ததும் ஜெர்மன் கப்பல்கள் நின்றுபோயின. போர் முடிந்த பிறகு இறக்குமதி வரி ஏறியது. காலியான இடத்தில் உள்ளூர்க்காரர்கள் புகுந்தார்கள். நியூயார்க்கில் ஃபெர்டினாண்ட் ஸ்ட்ராஸ், ஜூலியஸ் ஷைன், நியூஜெர்சியில் யூனிக் ஆர்ட், பிட்ஸ்பர்கில் உல்வரின் என்று கம்பெனிகள் போட்டி போட்டன. இவர்கள் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளியவர் ஸ்ட்ராஸிடம் எடுபிடியாகச் சேர்ந்த ஒரு பையன்.

ஒரே இயந்திரம், பல வேஷம்

லூயி மார்க்ஸ், 1896ல் புரூக்ளினில் பிறந்தவர். 1919ல் சொந்தக் கம்பெனி தொடங்கியபோது அவரிடம் தொழிற்சாலை கிடையாது. விற்கப் பொம்மையும் கிடையாது. பழைய முதலாளி ஸ்ட்ராஸின் கம்பெனியில் மவுசு போய்விட்ட இரண்டு பொம்மைகளின் அச்சுகளைப் பணம் புரட்டி வாங்கினார். சின்னச் சின்ன மாற்றம் செய்து மறுபடி சந்தைக்கு விட்டார். இரண்டே ஆண்டுகளில் ஒவ்வொன்றும் 80 லட்சத்துக்கு மேல் விற்றது. 1922ல், 26 வயதில், அவர் லட்சாதிபதி அல்ல, பத்து லட்சம் டாலருக்கு அதிபதி.

அவரது சூத்திரம் எளிது: குறைந்த காசுக்கு அதிக பொம்மை. அதைச் சாதித்த விதத்தில்தான் கெட்டிக்காரத்தனம். ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் தூக்கி, குதித்து, திசை மாறும் 'கிறுக்குக் கார்' ஒன்று மார்க்ஸிடம் இருந்தது. அதே அமைப்பின் மேல் 1935ல் படக்கதை நாயகன் டாக்வுட் ஏறினான். 1938ல் வானொலியில் புகழ்பெற்ற பேசும் பொம்மை சார்லி மெக்கார்த்தி ஏறியது. பிறகு டெலிவிஷன் நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்லுக்கும் ஒரு கார். உள்ளே இயந்திரம் பழசு. வெளியே அச்சடித்த தோல் மட்டும் புதுசு. பத்திரிகையிலும் வானொலியிலும் யார் பிரபலமோ அவர் சில மாதங்களில் தகரத்தில் வந்துவிடுவார். பக் ரோஜர்ஸின் ராக்கெட் 1934ல் வந்தது. சூப்பர்மேன் காமிக்ஸில் தோன்றியது 1938ல்; 1940ல் ஒரு விமானத்தைப் புரட்டிப் போடும் தகர சூப்பர்மேன் கடைக்கு வந்துவிட்டான்.

பொருளாதார மந்தத்தில் நாடே தத்தளித்த 1930களில் இந்தப் பொம்மைகள் விற்றதுதான் ஆச்சரியம். பெரிய பரிசு வாங்க வழியில்லாத அப்பாக்களுக்குத் தகர பொம்மை கைகொடுத்தது. பொம்மை ரயில்களுக்குப் பேர்போன லயனல் கம்பெனி 1934ல் கடனில் மூழ்கி, நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் பொறுப்பில் இருந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மிக்கி மவுஸும் மின்னியும் எதிரும் புதிருமாக நின்று அழுத்தி ஓட்டும் தண்டவாள வண்டியை விட்டார்கள். வட்டத் தண்டவாளத்தோடு சேர்த்து விலை ஒரு டாலர். சுமார் இரண்டரை லட்சம் வண்டிகள் பறந்தன. எலிதான் கம்பெனியைக் காப்பாற்றியது என்று பத்திரிகைகள் எழுதின. கடனை அடைத்ததில் மற்ற விற்பனைக்கும் பங்கு உண்டு. ஆனால் சேகரிப்பவர்களுக்கு எலியின் கதைதான் பிடிக்கும்.

1955 டிசம்பரில் டைம் வார இதழின் அட்டையில் மார்க்ஸ். உலகின் மிகப் பெரிய பொம்மைத் தயாரிப்பாளர் அப்போது அவர்தான். அந்த ஆண்டில் விளம்பரத்துக்கு அவர் செலவழித்ததாகச் சொல்லப்படும் தொகை 312 டாலர்!

போரும் பிளாஸ்டிக்கும்

எல்லா வீட்டிலும் இருந்த பொம்மைகள் எப்படி அரிதாகிப் போயின? முதல் காரணம் போர். 1942ல் அமெரிக்க அரசு பொம்மைகளுக்கு உலோகம் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பொம்மைக் கம்பெனிகள் ராணுவத் தளவாடம் செய்தன. ஊர் ஊராகப் பழைய இரும்பு சேகரிப்பு நடந்தது. குழந்தைகள் தங்கள் தகர ரயிலையும் காரையும் கொண்டு வந்து குவியலில் போட்டார்கள். தேசபக்தியில் உருகிப்போன பொம்மைகளுக்குக் கணக்கில்லை.

இரண்டாவது காரணம் பிளாஸ்டிக். போருக்குப் பிறகு அது மலிந்தது. தகரத்தில் செய்ய முடியாத வளைவுகள் அதில் சாத்தியம். கையைக் கிழிக்கும் விளிம்பும் இல்லை. இன்னொரு பக்கம் ஜப்பானியத் தகர பொம்மைகள் குறைந்த விலையில் வந்து இறங்கின. மார்க்ஸே ஜப்பானில் செய்து வாங்கி 'லைன்மார்' என்ற பெயரில் விற்றார். அமெரிக்காவில் பொம்மைப் பாதுகாப்புச் சட்டங்கள் இறுகின. 1978ல் காரீயம் கலந்த வர்ணத்துக்குத் தடை வந்தது. அதற்குள் கூர்மையான தகர விளிம்பின் காலமும் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

மார்க்ஸ் 1972ல் கம்பெனியை குவேக்கர் ஓட்ஸ் நிறுவனத்துக்கு 5.4 கோடி டாலருக்கு விற்றார். நான்கே ஆண்டுகளில் அது 1.5 கோடி டாலருக்கு ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. சில ஆண்டுகளில் திவால். 1982ல் மார்க்ஸ் காலமானார். அவருடைய பொம்மைகளோடு வளர்ந்த பையன்கள் அப்போது நடுவயதுக்காரர்கள். கையில் காசு இருந்தது. தொலைந்துபோன காரைத் தேட ஆரம்பித்தார்கள்.

புற ஊதா விளக்கில் தெரியும் பொய்

தேடலுக்கென்று ஒரு சாஸ்திரமே உருவாகிவிட்டது. பொம்மையின் நிலைக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். பத்து என்றால் கடையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்தது போல இருக்க வேண்டும். சாதாரண மார்க்ஸ் கார் ஒன்று சில பத்து டாலருக்கோ சில நூறு டாலருக்கோ கிடைக்கலாம். அதே கார் அசல் அட்டைப் பெட்டியோடு, கீறல் இல்லாமல் இருந்தால் விலை பல மடங்கு. குழந்தை முதலில் கிழித்தெறிவது பெட்டியைத்தானே? அதனால் சில சமயம் பொம்மையைவிட வெறும் பெட்டிக்கு விலை அதிகம்.

பெட்டி பேசவும் செய்யும். கம்பெனி முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் அது 1963க்குப் பிந்தையது. அமெரிக்காவில் அந்த எண் வந்ததே அப்போதுதான். ஊர்ப் பெயருக்கும் மாநிலத்துக்கும் நடுவே ஓரிலக்க, ஈரிலக்க எண் இருந்தால் 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது. பொம்மையில் வட்டத்துக்குள் பெரிய எக்ஸ் எழுத்தும் அதன் மேல் மற்ற மூன்று எழுத்துகளும் இருந்தால் மார்க்ஸ்.

விலை ஏறிய இடத்தில் போலி வராமல் இருக்குமா? பழைய பெட்டியைக் கலர் பிரதி எடுத்துப் புதுப்பெட்டி செய்கிறார்கள். உதிர்ந்த வர்ணத்தைத் தொட்டு நிரப்புகிறார்கள். உடைந்த இரண்டு பொம்மைகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள். இதற்கெல்லாம் மருந்து ஒரு சின்னப் புற ஊதா விளக்கு. 1950 வாக்கில் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனங்கள் கலக்க ஆரம்பித்தார்கள். அந்தக் காகிதம் இருட்டில் இந்த விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். 1930ம் ஆண்டுப் பெட்டி என்று சொல்லி விற்பது ஒளிர்ந்தால், வியாபாரியிடம் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். புதிதாகத் தொட்ட வர்ணமும் பழைய அச்சிலிருந்து தனித்துத் தெரியும். புதியவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லும் எச்சரிக்கை இன்னொன்று உண்டு: துடைக்கிறேன் பேர்வழி என்று ரசாயனத்தைத் தொடாதே, நூறு வருடத் தூசியோடு படமும் போய்விடும்.

1995ல் தொடங்கிய ஈபே இணைய ஏலம் இந்த உலகத்தைப் புரட்டிப் போட்டது. அபூர்வம் என்று நினைத்த பொம்மைகள் நாடு முழுவதும் பரண்களிலிருந்து இறங்கி வந்தன. நடுத்தர ரகங்களின் விலை இறங்கியது. உண்மையிலேயே அபூர்வமானவை மட்டும் மேலே நின்றன.

சிரிக்க வைத்த அவமானம்

மார்க்ஸை 26 வயதில் பணக்காரராக்கிய அந்த இரண்டு பொம்மைகள் எவை? ஒன்று, கயிற்றில் ஏறும் 'ஜிப்போ' குரங்கு. இன்னொன்று 'அலபாமா கூன் ஜிக்கர்'. சாவி கொடுத்தால் ஒரு சிறு மேடைமேல் நின்று கால்களை உதறி ஆடும் கறுப்பு மனிதன். 'கூன்' என்பது கறுப்பர்களை இழிவாகக் குறிக்கும் சொல்.

அது விதிவிலக்கு அல்ல. ஸ்ட்ராஸ் செய்த 'ஹாம் அண்ட் சாம்' என்ற இசைக்குழு, கூரைமேல் ஆடும் 'ஜாஸ்போ ஜிம்', 1930ல் மார்க்ஸ் விட்ட 'ஏமஸ் அண்ட் ஆண்டி' டாக்ஸி... எல்லாம் ஒரே அச்சு. தடித்த உதடு, பிதுங்கிய கண், காரணமில்லாத சிரிப்பு. அந்த டாக்ஸிக்கு மூலமான வானொலி நாடகத்தில் கறுப்பர்களாகப் பேசிச் சிரிப்பு மூட்டியவர்கள் இரண்டு வெள்ளை நடிகர்கள். தென்மாநிலங்களில் கறுப்பர்களுக்கு ரயிலில் தனிப் பெட்டி, படிக்கத் தனிப் பள்ளி என்றிருந்த காலம் அது. பள்ளிக்கூடம் போகும் முன்பே வெள்ளைக் குழந்தைக்கு யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று தகர பொம்மை சொல்லிக் கொடுத்துவிட்டது.

இன்று இவற்றை என்ன செய்வது? தகர பொம்மை சேகரிப்பவர் யாரும் தப்ப முடியாத கேள்வி இது. சிலர் வாங்குவதே இல்லை. சிலர் வாங்கி, பார்வையில் படாத தட்டில் வைக்கிறார்கள். வரலாறு என்று சொல்லி நடுவில் வைப்பவர்களும் உண்டு. வாங்குபவர்களில் கறுப்பர்களும் இருக்கிறார்கள்; தங்கள் மூதாதையர் பட்ட அவமானத்தின் சாட்சியம் அழிந்துவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்துக்கு ஒரு முகவரியும் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் பிக் ரேப்பிட்ஸ் நகரில், ஃபெர்ரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள ஜிம் குரோ அருங்காட்சியகம். நிறுவியவர் கறுப்பினச் சமூகவியலாளர் டேவிட் பில்கிரிம். அலபாமாவின் மொபீல் நகரில் சிறுவனாக இருந்தபோது இப்படியொரு பொருளை முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கினார். வாங்கிய கையோடு தரையில் அடித்து உடைத்தார். பிற்பாடு உடைப்பதை விட்டுச் சேர்க்க ஆரம்பித்தார். பொம்மை, உண்டியல், விளம்பர அட்டை என்று ஆயிரக்கணக்கில் சேர்ந்ததைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். 2012ல் அவை புதிய இடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. உடைத்திருந்தால் மிஞ்சுவது துண்டுகள். வைத்திருந்ததால் மிஞ்சியது பாடம்.

பழம்பொருள் கடையில் அதே பொம்மை வெறும் விலைச் சீட்டோடு நிற்கும்போது அந்தப் பாடம் காணாமல் போகிறது. எதைச் சேர்க்கிறார்கள் என்பதோடு, பக்கத்தில் என்ன எழுதி வைக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

அடுத்த கை யாருடையது?

சேகரிப்பவர்களை இப்போது உறுத்துவது வேறொரு கவலை. டாக்வுட்டையும் சார்லி மெக்கார்த்தியையும் கண்டு வளர்ந்த தலைமுறை முடிந்துகொண்டிருக்கிறது. பேரன்களுக்கு அந்த முகங்கள் யாரென்றே தெரியாது. ஒரு பொம்மையின் விலையில் பாதி அதை நினைவு வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை. நினைவு குறைந்தால் விலையும் இறங்கும்.

டொனால்டு காஃப்மனின் கதை இதற்கு உதாரணம். 1922ல் மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில் மிட்டாய் மொத்த வியாபாரமாகத் தொடங்கி, நாடு முழுவதும் கடை பரப்பிய கேபி டாய்ஸ் நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவர். கடைகளைக் குடும்பம் 1980களின் தொடக்கத்திலேயே விற்றுவிட்டது. அவர் விடாமல் பழைய பொம்மை வண்டிகளைச் சேர்த்தார். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு, அவை மறுபடி சேகரிப்பவர்களின் கைக்கே போகட்டும் என்று உயிரோடு இருக்கும்போதே ஏலத்துக்கு விட்டார். 2008 டிசம்பரில் கேபி டாய்ஸ் திவாலானது. சில வாரங்களில் கடைகள் காலியாயின. 2009 மார்ச்சில் நியூஜெர்சியில் காஃப்மன் பொம்மைகளின் முதல் ஏலம் மட்டுமே 40 லட்சம் டாலரைத் தாண்டியது. புது பொம்மை விற்ற கடைகள் மூடின. பழைய பொம்மைகள் பணம் குவித்தன. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார். தவணை தவணையாக நடந்த ஏலங்களின் மொத்தத் தொகை ஒரு கோடி டாலரைத் தாண்டியது.

காஃப்மனுக்குத் தெரிந்திருந்தது: பொம்மைக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை, அடுத்த கைக்கு மாற்றிவிடுபவர்தான் உண்டு. அந்த அடுத்த கை வேண்டுமானால், பொம்மை அலமாரியில் ஊமையாக நின்றால் போதாது. இன்றைய ஏல நிறுவனங்களுக்கும் இது புரிந்திருக்கிறது. பொம்மைக்குச் சாவி கொடுத்து, ஓடுவதைப் படமெடுத்து இணையத்தில் காட்டுகிறார்கள்.

சாவி கொடுக்கலாமா, கூடாதா என்ற சர்ச்சைக்கு அனுபவசாலிகளின் பதிலும் இதை ஒட்டியதே. ஓடும் ஒவ்வொரு முறையும் பல்சக்கரம் தேயும், வர்ணம் உரசும். ஓடாமலே இருந்தால் உள்ளே எண்ணெய் இறுகி, சுருள் கம்பி செத்துப்போகும். ஆகவே எப்போதாவது, மெதுவாக, இரண்டே சுற்று. முழுதாக ஓடி முடியும்வரை பொறுத்திருந்து, தளர்ந்த பிறகே அலமாரியில் வைக்க வேண்டும்.

அந்த அரை நிமிடத்துக்கு மதிப்பெண் இல்லை, விலைச் சீட்டும் இல்லை. தகர கார் தரையில் துள்ளிக் குதித்துத் திரும்புகிறது. எண்பது வருடமாக ஓடாமலே பத்து சென்ட் கடன் பாக்கி வைத்திருந்த பொம்மை, அதை அடைத்துவிட்டு நிற்கிறது.